உங்கள் சர்வரின் டிஸ்க் உண்மையில் எவ்வளவு வேகம்? ஃபியோ கொண்டு அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

புதிதாக ஒரு சர்வர் கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது டிடி கமாண்டை ஓட்டிப் பார்ப்பதுதான். ஒரு ஜிபி அளவுக்குப் பூஜ்யங்களை ஒரு கோப்பில் எழுதச் சொல்வோம். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்து, நொடிக்கு 1.8 ஜிபி என்று ஒரு எண் வரும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த எண்ணை நம்பி ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை அந்த மெஷினில் ஏற்றினேன். இருபது பேர் ஒரே நேரத்தில் பில் போட ஆரம்பித்ததும், 'சேமி' பொத்தானை அழுத்திவிட்டு எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் அளந்தது டிஸ்கை அல்ல, மெமரியை. லினக்ஸில் ஒரு நிரல் கோப்பில் எழுதினால், கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதை முதலில் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு 'எழுதியாகிவிட்டது' என்று சொல்லிவிடும். டிஸ்குக்கு அது பிறகு மெதுவாகப் போய்ச் சேரும். ஆனால் டேட்டாபேஸ் அப்படி விடாது. ஒவ்வொரு பில்லும் டிஸ்கில் உறுதியாக உட்கார்ந்துவிட்டதா என்று கேட்டுக் காத்திருக்கும். நான் அளந்த வேலையும் சர்வர் செய்த வேலையும் வேறு வேறு.

டிஸ்குக்கு ஒரே ஒரு வேகம் கிடையாது. பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது ஒரு வேகம், சின்னச் சின்னத் துண்டுகளாக அங்கும் இங்கும் படிக்கும்போது வேறு வேகம், ஒவ்வொரு முறை எழுதியதும் உறுதி கேட்கும்போது இன்னொரு வேகம். உங்கள் சர்வர் எந்த வேலையைச் செய்கிறதோ அந்த வேகத்தைத்தான் அளக்க வேண்டும். அதற்கு ஃபியோ நல்ல கருவி. எஃப், ஐ, ஓ என்ற மூன்று எழுத்துகள்தான் கமாண்டின் பெயர். லினக்ஸ் கர்னலில் டிஸ்குகளைக் கையாளும் பிளாக் அடுக்கைப் பராமரிக்கும் யென்ஸ் ஆக்ஸ்போ எழுதியது. ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி நிரல் எழுதுகிற வேலையைத் தவிர்க்கத்தான் இதை உருவாக்கினார்.

ஒரு குறிப்பு: கமாண்டுகளையும் ஆப்ஷன்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் ஃபியோவின் மேன் பக்கத்தைத் திறந்தால் எல்லா ஆப்ஷனும் இருக்கும்.

அளக்கும் முன்: டிஸ்க்தான் காரணமா?

சர்வர் மெதுவாக இருக்கிறது என்றதும் டிஸ்க் மேல் பழி போடக் கூடாது. சிஸ்ஸ்டாட் என்ற தொகுப்பை நிறுவினால் ஐஓஸ்டாட் கமாண்ட் கிடைக்கும். சர்வர் திணறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அதை மைனஸ் எக்ஸ் ஆப்ஷனோடும் 5 என்ற எண்ணோடும் ஓட்டுங்கள். ஐந்து நொடிக்கு ஒரு முறை ஓர் அட்டவணை வரும். முதல் அட்டவணையை விட்டுவிடுங்கள். அது மெஷின் பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி. இரண்டாவதிலிருந்துதான் இப்போதைய நிலவரம்.

அதில் நான் முதலில் பார்ப்பது ஆர்-அவெய்ட், டபிள்யூ-அவெய்ட் என்ற இரண்டு பத்திகளை. ஒரு படிப்போ எழுத்தோ முடிய எத்தனை மில்லிநொடி ஆகிறது என்பதை அவை காட்டும். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டியில் இது 1-க்குக் கீழே இருந்தால் டிஸ்க் நன்றாகவே வேலை செய்கிறது, பிரச்சினை வேறெங்கோ. 20, 50 என்று ஓடினால் மேலே படியுங்கள். கடைசியில் இருக்கும் 'யூட்டில்' சதவீதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே செய்யும் பழைய சுழலும் டிஸ்குக்கு 100 சதவீதம் என்றால் முழுதாக நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும் என்விஎம்இ டிஸ்குக்கு (வேகமான புதிய வகை எஸ்எஸ்டி), எப்போதும் ஏதோ ஒரு வேலையாவது இருந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

கர்னல் 4.20-இலிருந்து இன்னொரு வசதியும் இருக்கிறது. ப்ராக் அடைவுக்குள் பிரஷர் என்ற அடைவு, அதற்குள் ஐஓ என்ற கோப்பு. அதில் 'சம்' வரியில் இருக்கும் 'ஆவரேஜ் 10' என்ற எண், கடந்த பத்து நொடியில் எத்தனை சதவீத நேரம் ஏதாவது ஒரு நிரல் டிஸ்குக்காகக் காத்துக் கிடந்தது என்று சொல்லும். சில விநியோகங்களில் இந்த வசதியை அணைத்து வைத்திருப்பார்கள். இருந்தால், 'டிஸ்க்தான் தடையா' என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

நிறுவுதல், இடம் தேர்தல்

உபுண்டு, டெபியனில் ஏபிடி மூலமும் ஃபெடோரா வகைகளில் டிஎன்எஃப் மூலமும் ஃபியோ என்ற பெயரிலேயே நிறுவலாம். அதில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் வருவது, எந்த இடத்தில் சோதிப்பது என்பதில்தான்.

டெம்ப் அடைவில் சோதிக்காதீர்கள். ஃபெடோராவிலும் டெபியன் 13-இலும் டெம்ப் அடைவு இயல்பாகவே மெமரியில்தான் இருக்கிறது. அங்கே அளந்தால் மறுபடியும் மெமரியைத்தான் அளப்பீர்கள். டேட்டாபேஸ் எந்த டிஸ்கில் இருக்கிறதோ அதே ஃபைல் சிஸ்டத்தில் ஒரு புது அடைவு உருவாக்கி, அங்கே சோதியுங்கள். டிஎஃப் கமாண்டை அந்த அடைவின் பெயரோடு ஓட்டினால் அது எந்த டிஸ்கில் இருக்கிறது, எவ்வளவு இடம் மீதம் என்று தெரியும். 4 ஜிபி சோதனைக் கோப்பை உருவாக்கப்போய் டேட்டாபேஸுக்கு இடமில்லாமல் செய்துவிடக் கூடாது.

அடுத்த எச்சரிக்கை மிக முக்கியமானது. ஃபியோவின் ஃபைல்நேம் ஆப்ஷனில் கோப்புப் பெயருக்குப் பதிலாக டெவ் அடைவில் உள்ள டிஸ்கின் பெயரையே கொடுக்க முடியும். அப்படிக் கொடுத்து எழுத்துச் சோதனை ஓட்டினால், ஃபைல் சிஸ்டம், பார்ட்டிஷன் அட்டவணை எதையும் பொருட்படுத்தாமல் அதன் மேலேயே எழுதிவிடும். மீட்க வழியில்லை. புதியவர்கள் கோப்பில் மட்டுமே சோதியுங்கள். டிஸ்கை நேரடியாகப் படிக்க வேண்டிய கட்டாயம் வந்தால் ரீட்ஒன்லி ஆப்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தவறி எழுத்துச் சோதனையைத் தட்டினாலும் ஃபியோ மறுத்துவிடும்.

இன்னொன்று: ஃபியோ டிஸ்கைப் பிழிந்து எடுக்கும். மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வரில் பகலில் ஓட்டினால் அவர்களுடைய வேலை நின்றுபோகும். பகலிலேயே பார்த்தாக வேண்டும் என்றால் ஐஓபிங் என்ற சிறு கருவி இருக்கிறது. பிங் போலவே நொடிக்கு ஒரு சின்னப் படிப்பை மட்டும் அனுப்பி, எவ்வளவு தாமதம் என்று சொல்லும். யாருக்கும் தொந்தரவில்லை.

முதல் சோதனை: சின்னத் துண்டுகளை அங்கும் இங்கும் படித்தல்

இதுதான் கமாண்ட். ஒரே வரியில் தட்ட வேண்டும்:

ஃபியோ --நேம்=முதல் --ஃபைல்நேம்=சோதனை.டாட் --சைஸ்=4ஜி --ஆர்டபிள்யூ=ராண்ட்ரீட் --பிஎஸ்=4கே --ஐஓஎன்ஜின்=லிப்ஏஐஓ --ஐஓடெப்த்=1 --டைரக்ட்=1 --ரன்டைம்=60 --டைம்_பேஸ்டு

நேம் நமக்கான அடையாளம் மட்டுமே. சைஸ் 4 ஜிபி என்றால் ஃபியோ முதலில் அந்த அளவுக்கு ஒரு கோப்பை எழுதி வைத்துக்கொண்டு அதன்பிறகே படிக்கத் தொடங்கும். கொஞ்சம் பொறுமையாக இருங்கள். ராண்ட்ரீட் என்றால் கோப்பில் அங்கும் இங்குமாகப் படி. பிஎஸ் 4கே என்றால் ஒரு தடவைக்கு 4096 பைட். ஐஓஎன்ஜின் என்பது டிஸ்குக்கு வேலையை எந்த முறையில் அனுப்புவது என்பது; ஐஓடெப்த், ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளை அனுப்பி வைப்பது என்பது. ரன்டைமும் டைம்_பேஸ்டும் சேர்ந்தால், கோப்பு முடிந்தாலும் விடாமல் 60 நொடி ஓடும்.

டைரக்ட்=1 என்பதுதான் இந்த வரியின் உயிர். கர்னலின் மெமரிக் கேஷைச் சுற்றிக்கொண்டு நேராக டிஸ்குக்குப் போ என்று அது சொல்கிறது. இதை விட்டுவிட்டால் டிடி கதைதான் திரும்ப நடக்கும். இன்னொரு கோளாறும் உண்டு: டைரக்ட் இல்லாமல் லிப்ஏஐஓ எஞ்சினைப் பயன்படுத்தினால், ஐஓடெப்த்தில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். 32 கொடுத்தோமே, ஏன் மாற்றமே இல்லை என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளும் பலருக்கும் காரணம் இதுதான். புதிய கர்னல்களில் லிப்ஏஐஓவுக்குப் பதில் ஐஓ_யூரிங் எஞ்சினையும் கொடுக்கலாம். அதுவும் ஆக்ஸ்போ எழுதியதே. 2019-இல் கர்னல் 5.1-இல் வந்தது.

60 நொடி கழித்து ஒரு நீண்ட அறிக்கை வரும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். 'ரீட்' என்று தொடங்கும் வரியில் ஐஓபிஎஸ் இருக்கும். நொடிக்கு எத்தனை வேலை முடிந்தது என்ற எண் அது. பிடபிள்யூ என்பது நொடிக்கு எத்தனை எம்பி. அதற்குக் கீழே கிளாட் என்ற பகுதி: ஒரு வேலையை அனுப்பியதிலிருந்து அது முடியும் வரை ஆன நேரம். அதன் தலைப்பில் இருக்கும் அலகைக் கட்டாயம் பாருங்கள். டிஸ்கின் வேகத்தைப் பொறுத்து ஃபியோ நானோநொடி, மைக்ரோநொடி, மில்லிநொடி என்று தானாகவே மாற்றிக்கொள்ளும். அலகைப் பார்க்காமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு தவறிப்போகும்.

சராசரியைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். கீழேயே பெர்சன்டைல் பட்டியல் இருக்கும். 99.00 என்பதற்கு எதிரே 400 மைக்ரோநொடி என்றால், நூறில் 99 வேலைகள் அந்த நேரத்துக்குள் முடிந்தன என்று பொருள். மீதி ஒன்று? அதற்கு 99.90-ஐயும் 99.99-ஐயும் பாருங்கள். ஒரு வலைப்பக்கம் திறக்க டேட்டாபேஸ் 50 தடவை டிஸ்கைத் தொடுகிறது என்று வையுங்கள். நூறில் ஒன்று மெதுவாக இருந்தால், சுமார் 40 சதவீதப் பக்கங்கள் அந்த ஒன்றில் மாட்டிக்கொள்ளும். பயனர் உணர்வது சராசரியை அல்ல, இந்த வாலைத்தான்.

எண் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க், ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி எடுக்கும். வேண்டிய இடம் டிஸ்கைப் படிக்கும் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17. தலை நகர்ந்து போக இன்னும் 8 மில்லிநொடி. மொத்தம் 12 சொச்சம். நொடிக்கு 80 வேலைதான் முடியும். சுழலும் டிஸ்கில் இந்தச் சோதனை 80 என்று காட்டினால் அது பழுதில்லை, இயற்பியல். அதே டிஸ்க் 5,000 காட்டினால் நீங்கள் எங்கோ ஒரு கேஷை அளக்கிறீர்கள். எஸ்எஸ்டியில் ஒரு படிப்புக்கு ஏறக்குறைய 0.1 மில்லிநொடி, ஆக 10,000 அளவில் வந்தால் இயல்பு.

வரிசை ஆழத்தை ஏற்றிப் பார்த்தல்

மேலே ஐஓடெப்த் 1 என்று கொடுத்தோம். ஒரு தோசை கேட்டு, அது வந்து, சாப்பிட்ட பிறகே அடுத்ததைக் கேட்பது போல. கடையில் எட்டு கல் இருந்தாலும் உங்களுக்காக ஒன்றுதான் சுடும். எஸ்எஸ்டிக்குள்ளும் அப்படி ஒரே நேரத்தில் வேலை செய்யும் பல ஃபிளாஷ் சில்லுகள் இருக்கின்றன. முழுத் திறனைப் பார்க்க வேண்டுமென்றால் பல வேலைகளைச் சேர்த்து அனுப்ப வேண்டும். சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் வரும் டிஸ்குகள் ஒரே நேரத்தில் 32 வேலைகளை வரிசையில் வைத்துக்கொள்ளும். என்விஎம்இயின் வரம்பு அதைவிட மிகப் பெரியது.

அதே கமாண்டை ஐஓடெப்த் 4, 8, 16, 32, 64 என்று மாற்றி மாற்றி ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் ஐஓபிஎஸ்ஸையும் 99 பெர்சன்டைல் தாமதத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஐஓபிஎஸ் ஏறும். ஒரு கட்டத்தில் ஏறுவது நின்று தாமதம் மட்டும் ஏறும். எடுத்துக்காட்டாக, ஆழம் 32-இல் 80,000 ஐஓபிஎஸ் வந்தால், ஒரு வேலைக்குச் சராசரியாக 32-ஐ 80,000-ஆல் வகுத்தது, அதாவது 0.4 மில்லிநொடி. ஆழம் 64-இலும் அதே 80,000 என்றால் தாமதம் 0.8. வேலை கூடவில்லை, காத்திருப்பு மட்டும் இரட்டித்தது. அந்தத் திருப்பம் எங்கே வருகிறதோ அதுதான் உங்கள் டிஸ்கின் நியாயமான எல்லை. டேட்டாபேஸில் எத்தனை இணைப்புகளை அனுமதிக்கலாம் என்று யோசிக்கும்போது இந்தத் தாள் பயன்படும்.

விளம்பரங்களில் வரும் லட்சக்கணக்கான ஐஓபிஎஸ் எல்லாம் இப்படி ஆழத்தை ஏற்றி எடுத்தவை. உங்கள் நிரல் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பது என்றால், உங்களுக்கு ஆழம் 1-இன் எண்தான் பொருந்தும்.

எழுத்து: உறுதி கேட்டுக் காத்திருத்தல்

என் பில் கதைக்கு விடை இங்கேதான் இருந்தது. டேட்டாபேஸ் ஒரு பரிவர்த்தனையை முடிக்கும்போது அதைப் பதிவேட்டில் எழுதி, எஃப்டேட்டாசிங்க் என்ற அழைப்பை விடுத்து, டிஸ்க் 'பத்திரம்' என்று பதில் சொல்லும் வரை காத்திருக்கும். அந்தப் பதிலுக்கு 5 மில்லிநொடி ஆனால், ஓர் இணைப்பு நொடிக்கு 200 பரிவர்த்தனைக்கு மேல் முடிக்க வழியே இல்லை. சிபியு எவ்வளவு வேகமாக இருந்தாலும் சரி.

இதை அளக்க, ஆர்டபிள்யூ=ரைட், ஐஓஎன்ஜின்=சிங்க், எஃப்டேட்டாசிங்க்=1 என்று கொடுத்து ஓட்டுங்கள். டைரக்ட் இங்கே தேவையில்லை. ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் எஃப்டேட்டாசிங்க் போவதால் கேஷ் ஏமாற்ற முடியாது. பல சர்வர்களில் நிரல்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸுக்கு அடியில் ஓடும் எட்சிடி என்ற டேட்டாபேஸுக்காகப் பலரும் பயன்படுத்தும் சோதனை இதே வகைதான்: சைஸ் 22எம், பிஎஸ் 2300. அறிக்கையில் 'சிங்க் பெர்சன்டைல்ஸ்' என்று தனியாக ஒரு பகுதி வரும். அதில் 99 பெர்சன்டைல் 10 மில்லிநொடிக்குள் இருந்தால் அந்த டிஸ்க் எட்சிடிக்குப் போதும். போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்களுக்கு பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் என்ற சிறு நிரல் அதோடு சேர்ந்தே வருகிறது. அதையும் ஓட்டி ஒப்பிடுங்கள்.

இந்தச் சோதனையில் எஸ்எஸ்டிகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம் பலரை அதிர வைக்கும். மின்சாரம் திடீரென்று போனாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கி வைத்த சர்வர் வகை எஸ்எஸ்டி, தரவு தன் உள் மெமரிக்கு வந்ததுமே 'பத்திரம்' என்று சொல்லலாம். அது உண்மையும் கூட. வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டியில் அந்த மின்தேக்கி இருக்காது, அதனால் ஃபிளாஷில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் ஒரே 'நொடிக்கு 3,500 எம்பி' என்று அச்சிட்டிருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம் வரும். டேட்டாபேஸுக்கு டிஸ்க் வாங்குகிறவர்கள் பெட்டியில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, மின்வெட்டுப் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் பணத்தை மிச்சப்படுத்தும் வரி இதுதான்.

அப்புறம் கலப்புச் சோதனை. உண்மையான டேட்டாபேஸ் படிக்கவும் செய்யும், எழுதவும் செய்யும். ஆர்டபிள்யூ=ராண்ட்ஆர்டபிள்யூ, ஆர்டபிள்யூமிக்ஸ்ரீட்=70 என்றால் நூற்றில் எழுபது படிப்பு, முப்பது எழுத்து. பிஎஸ் அளவை உங்கள் டேட்டாபேஸின் பக்க அளவுக்குப் பொருத்துங்கள்: போஸ்ட்கிரெஸுக்கு 8கே, மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபிக்கு 16கே. நம்ஜாப்ஸ்=4 கொடுத்தால் நான்கு வேலையாட்கள் சேர்ந்து தாக்குவார்கள்; குரூப்_ரிப்போர்ட்டிங் சேர்த்தால் அறிக்கை ஒன்றாக வரும்.

பேக்கப், வீடியோ போன்ற பெரிய கோப்பு வேலைகளுக்கு ஆர்டபிள்யூ=ரீட், பிஎஸ்=1எம் போதும். சாட்டா எஸ்எஸ்டி என்றால் 550 எம்பி அளவில் நின்றுவிடும். அது கேபிளின் எல்லை.

குறுகிய சோதனை ஏமாற்றும்

எழுத்துச் சோதனையை 60 நொடியில் நிறுத்தாதீர்கள். பல எஸ்எஸ்டிகள் வந்த தரவை முதலில் வேகமான ஒரு பகுதியில் வாங்கிக்கொள்ளும். அது நிரம்பியதும் வேகம் சடாரென்று விழும். குறைந்தது 15, 20 நிமிடம் ஓட்டினால்தான் நிலையான வேகம் தெரியும்.

கிளவுடில் இது இன்னும் தீவிரம். அமேசானின் ஜிபி2 வகை டிஸ்கில் ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ் என்பது அடிப்படை. 100 ஜிபி டிஸ்குக்கு 300. ஆனால் சேமிப்பில் 54 லட்சம் வேலைகளுக்கான வரவு இருக்கும் வரை 3,000 வரை ஓட விடுவார்கள். நொடிக்கு 3,000 செலவு, 300 வரவு. 54 லட்சத்தை 2,700-ஆல் வகுத்தால் 2,000 நொடி. சுமார் 33 நிமிடம் நன்றாக ஓடி, அதன்பிறகு பத்தில் ஒரு பங்காகக் குறையும். காலையில் பறக்கும் சர்வர் மதியம் படுத்துவிடுவதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம். 2020 டிசம்பரில் வந்த ஜிபி3 வகையில், டிஸ்க் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் 3,000 நிலையாகக் கிடைக்கும், மாற்றிக்கொள்வது நல்லது. அறிக்கையில் 3,000 போல ஒரு உருண்டையான எண் வந்து, ஆழத்தை ஏற்றினாலும் அசையாமல் நின்றால், நீங்கள் தொட்டிருப்பது டிஸ்கின் திறனை அல்ல, வாடகை ஒப்பந்தத்தின் வரம்பை. மெஷினுக்கென்றும் தனியாக ஒரு வரம்பு உண்டு, அதையும் பாருங்கள்.

ஸ்னாப்ஷாட்டிலிருந்து (டிஸ்கின் சேமித்து வைத்த நகல்) உருவாக்கிய டிஸ்க் என்றால் ஒவ்வொரு துண்டும் முதல் முறை தொடும்போதுதான் தொலைவிலிருந்து வந்து சேரும், அதனால் முதல் படிப்பு மெதுவாக இருக்கும். முழுவதையும் ஒரு தடவை படித்து முடித்துவிட்டு அளவெடுங்கள்.

எந்தச் சோதனையையும் மூன்று முறை ஓட்டுங்கள். மூன்றுக்கும் இடையே 10 சதவீத வித்தியாசம் தானாகவே வருகிறது என்றால், பிறகு ஒரு அமைப்பை மாற்றி 5 சதவீதம் கூடியதாகத் தெரிவது வெறும் அலைவு.

இப்போது சீர்செய்தல்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாற்று, அள, குறித்துக்கொள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

டிஸ்குக்குப் போகும் வேலைகளை வரிசைப்படுத்தும் ஐஓ ஷெட்யூலரில் தொடங்கலாம். சிஸ் அடைவில் பிளாக், அதற்குள் டிஸ்கின் பெயர், அதற்குள் க்யூ, அதற்குள் ஷெட்யூலர் என்ற கோப்பைத் திறந்தால் இருப்பவை எல்லாம் தெரியும். சதுர அடைப்புக்குள் இருப்பது இப்போது பயன்படுவது. என்விஎம்இக்கு 'நன்' பொருத்தம். டிஸ்கே வேகம், நடுவில் யாரும் வரிசைப்படுத்த வேண்டாம். சாட்டா டிஸ்குகளுக்கு எம்க்யூ-டெட்லைன் நல்ல தொடக்கம். பழைய கட்டுரைகளில் வரும் சிஎஃப்க்யூ, நூப் போன்றவை கர்னல் 5.0-இல் நீக்கப்பட்டுவிட்டன, அவற்றைத் தேடாதீர்கள். இந்தக் கோப்பில் எழுதியது ரீபூட்டில் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் சாதனங்களை அமைக்கும் யூடெவ் என்ற சேவைக்கு ஒரு விதி எழுத வேண்டும்.

அடுத்தது மெமரியில் தேங்கும் எழுத்துகள். கர்னலின் டர்ட்டி_பேக்ரவுண்ட்_ரேஷியோ இயல்பாக 10, டர்ட்டி_ரேஷியோ 20. 64 ஜிபி மெமரி உள்ள மெஷினில் பத்து சதவீதம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல் தேங்கிய பிறகே பின்னணியில் எழுதத் தொடங்கும். மெதுவான டிஸ்க் என்றால் அந்த நேரத்தில் எல்லாமே உறைந்துபோகும். சதவீதத்துக்குப் பதிலாக டர்ட்டி_பேக்ரவுண்ட்_பைட்ஸில் 256 எம்பி போலச் சிறிய அளவு கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டே இருக்கும். ஆனால் இந்த மாற்றத்தை மேலே சொன்ன டைரக்ட்=1 சோதனையால் பார்க்க முடியாது. அந்தச் சோதனை கேஷின் பக்கமே போவதில்லையே. ரீட்-அஹெட் அளவை (கேட்கும் முன்பே எவ்வளவு படித்து வைப்பது என்பதை) மாற்றினாலும் இதே நிலைமைதான். இவற்றுக்கு டைரக்ட்=0 வைத்து அளக்க வேண்டும், அல்லது சர்வரின் உண்மையான வேலையை ஓட்டி ஐஓஸ்டாட்டில் பார்க்க வேண்டும்.

கோப்பைப் படிக்கும்போதெல்லாம் படித்த நேரத்தை எழுதி வைப்பதை நிறுத்தும் நோஏடைம் மவுண்ட் ஆப்ஷனைப் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். போடலாம், கெடுதல் இல்லை. 2009 முதலே கர்னல் அந்த நேரத்தை அரிதாக மட்டும் எழுதும் ரெல்ஏடைம் முறைக்கு மாறிவிட்டதால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். எஸ்எஸ்டி என்றால், அழித்த இடங்களை அதற்கு அவ்வப்போது தெரிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் டைமர் ஓடுகிறதா என்று சிஸ்டம்சிடிஎல்லில் பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது.

பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 80 ஐஓபிஎஸ் தரும் நான்கு சுழலும் டிஸ்குகள், மொத்தம் 320. ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்குப் பழைய தரவைப் படித்து, பழைய பேரிட்டியை (ஒரு டிஸ்க் போனால் மீட்க உதவும் தகவல்) படித்து, இரண்டையும் திரும்ப எழுத வேண்டும்: நான்கு வேலை. ஆக எழுத்து 80 மட்டுமே. ரெய்டு 10-இல் இரண்டு வேலைதான், அதனால் 160. எழுத்து அதிகமுள்ள டேட்டாபேஸை ரெய்டு 5-இல் வைத்துவிட்டு எந்த அமைப்பைத் திருகினாலும் இந்தக் கணக்கு மாறாது.

டேட்டாபேஸின் பக்கம் வந்தால், அங்கும் இங்கும் படிப்பதற்கு எவ்வளவு செலவு என்று போஸ்ட்கிரெஸ் கணக்கிடும் ராண்டம்_பேஜ்_காஸ்ட் இயல்பாக 4. சுழலும் டிஸ்குகளை மனதில் வைத்து அமைத்தது. உங்கள் சோதனையில் அங்கும் இங்கும் படிப்பது விரைவாக இருந்தால் 1.1-க்கு இறக்கிப் பாருங்கள். இண்டெக்ஸைத் தயங்காமல் பயன்படுத்தும். எழுத்து உறுதிதான் தடை என்றால், போஸ்ட்கிரெஸின் சிங்க்ரனஸ்_கமிட்டை அணைக்கலாம், அல்லது இன்னோடிபி_ஃபிளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட் அமைப்பை 1-இலிருந்து 2 ஆக்கலாம். வேகம் நன்றாகவே கூடும். மின்சாரம் போனால் கடைசிச் சில பரிவர்த்தனைகள் போய்விடும் என்பதுதான் விலை. பக்கப் பார்வை எண்ணிக்கைக்கு அது பரவாயில்லை. பணம் சம்பந்தப்பட்டது என்றால் தொடாதீர்கள். போஸ்ட்கிரெஸில் எஃப்சிங்க்கையே அணைப்பதை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள். சில பரிவர்த்தனைகளோடு போகாது, டேட்டாபேஸே சிதைந்துவிடும்.

என் பில் சர்வருக்குக் கடைசியில் இதில் எந்த அமைப்பும் தேவைப்படவில்லை. எஃப்டேட்டாசிங்க் சோதனையின் எண்ணைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. டேட்டாபேஸின் பதிவேட்டை மட்டும் மின்வெட்டுப் பாதுகாப்புள்ள சிறிய எஸ்எஸ்டி ஒன்றுக்கு மாற்றினேன். அன்று மாலையே 'சேமி' பொத்தானுக்கு உடனே பதில் வந்தது.

முடித்ததும் ஃபியோவை அவுட்புட்-ஃபார்மேட்=ஜேசன் கொடுத்து ஒரு முறை ஓட்டி, அந்தக் கோப்பைத் தேதியும் கர்னல் பதிப்பும் பெயரில் இருக்கும்படி சேமித்து வையுங்கள். அடுத்த கர்னல் மேம்படுத்தலுக்குப் பிறகோ, 'நேற்று வரை நன்றாக இருந்ததே' என்று யாராவது சொல்லும்போதோ, அதே சோதனையை ஓட்டி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சோதனை.டாட் கோப்பை அழிக்க மறக்காதீர்கள். 4 ஜிபி அங்கேயே உட்கார்ந்திருக்கும்.